டிசம்பரில் ஓர் இக்போ வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா?

நைஜீரியாவின் தென்கிழக்கில், நைஜர் ஆற்றின் ஒனிட்சா பாலத்துக்கு இந்தப் பக்கம், இக்போ மக்களின் ஊர்ப்பக்கம் வந்து பத்து வருஷமாகிறது. கணவருக்கு ந்நெவியில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நான் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நவம்பர் கடைசியானால் லாகோஸிலிருந்தோ அபுஜாவிலிருந்தோ ஏதாவது ஒரு தமிழ்க் குடும்பம் போன் செய்து, "ஆபீஸில் கூட வேலை செய்கிறவர் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறார். போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்ளணும்?" என்று கேட்பார்கள். போங்கள், கட்டாயம் போங்கள். இத்தனை வருஷம் நைஜீரியாவில் இருந்துவிட்டு, கம்பெனி குவார்ட்டர்ஸையும் இந்தியக் கடையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் ஆட்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் எப்போது போவது என்று பார்ப்போம். இக்போ வியாபாரிகள் நைஜீரியாவில் இல்லாத ஊரே கிடையாது. கடை எங்கே இருந்தாலும் வீடு சொந்த ஊரில்தான் கட்டுவார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் அந்தப் பெரிய வீடுகளெல்லாம் டிசம்பர் 20ஐ ஒட்டித் திறக்கும். கல்யாணம், பட்டம் கட்டுதல், பங்காளிகள் கூட்டம், எப்போதோ நடந்த சாவுக்கு மீதி வைத்த சடங்கு என்று எல்லாவற்றையும் அந்த இரண்டு வாரத்துக்கே ஒதுக்கி வைப்பார்கள். ஆகவே சாலை நெரியும். 1965இல் திறந்த நைஜர் பாலம் ஒன்றுதான் இருந்த காலத்தில், அசாபா பக்கம் மணிக்கணக்கில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். 2023இல் இரண்டாவது பாலம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. என்றாலும் விடியற்காலை கிளம்பி, இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்.

திங்கட்கிழமையில் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம். தனி நாடு கேட்கும் அமைப்பு ஒன்று, 2021 ஆகஸ்டிலிருந்து திங்கள்தோறும் வீட்டோடு இருக்கச் சொல்லும் அடைப்பு இந்தப் பக்கத்து வாழ்க்கையில் புகுந்துவிட்டது. எந்த ஊரில் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று கூப்பிட்டவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் "வேண்டாம், செவ்வாய் வாங்க" என்றால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

இன்னொரு கிழமையும் உண்டு. இக்போ வாரத்துக்கு நான்கே நாள்: எகே, ஒரியே, அஃபோ, ந்க்வோ. ஒவ்வொன்றும் ஒரு சந்தை நாள். அந்த ஊர்ச் சந்தை எகேயில் கூடுகிறதென்றால், அன்று பகலில் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் சந்தையில்தான் இருப்பார்கள். பெயர்களிலும் இந்த நாட்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எகேயில் பிறந்தவன் ஒகேகே, அஃபோவில் பிறந்தவன் ஒகஃபோர், ந்க்வோவில் பிறந்தவன் ஒகோங்க்வோ. உங்கள் ஆபீஸ் நண்பரின் குடும்பப் பெயர் இதில் ஒன்றாக இருந்தால், அவருடைய முன்னோர் ஒருவர் எந்த நாளில் பிறந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பெயருக்கு அர்த்தம் கேட்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்கள். நெகா என்றால் தாயே பெரியவள், ந்நாம்டி என்றால் என் அப்பா உயிரோடிருக்கிறார். தாத்தா இறந்த பிறகு பிறந்த பேரனுக்கு அப்படிப் பெயர் வைப்பதுண்டு.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மால்ட் பானம் ஒரு பெட்டி, ஒரு அரிசி மூட்டை, வழியில் ஜங்ஷனில் விற்கும் பெரிய ரொட்டி ஐந்தாறு. ரொட்டி குழந்தைகளுக்கு. பட்டணத்திலிருந்து வருகிறவர் கையில் ரொட்டி இருக்குமென்று குழந்தைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டின் மூத்த பெண்மணிக்கு ஏதாவது தனியாகக் கொடுக்க ஆசையென்றால் ஜார்ஜ் துணி வாங்குங்கள். ஜரிகை வேலை செய்த கனமான துணி, இடுப்பில் இரட்டையாகக் கட்டுவார்கள். கல்யாணத்துக்கு ஜார்ஜ் கட்டாத இக்போ அம்மாவை நான் பார்த்ததில்லை. அந்தப் பெயர் நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது என்பார்கள். நம் கரையிலிருந்து கப்பலேறிய துணி இங்கே தலைமுறைச் சொத்தாகிவிட்டது. முதல் வருஷம் ஒரு பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் மாமியார் கொடுத்த ஜார்ஜை என் கையில் வைத்தபோது, பழைய பட்டுப்புடவை மடிப்பில் வருகிற அதே வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் சேலையே கட்டிக்கொள்ளலாம், அவர்களுக்குப் பிடிக்கும். ஆண்கள் சிங்கத்தலை போட்ட இசி-ஆகு சட்டை வாங்கிப் போட்டாலும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் சிவப்புத் தொப்பி மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஊரில் பட்டம் கட்டப்பட்ட பெரியவர்களுடையது.

வாசலில் "ந்நோ" என்பார்கள், வாருங்கள் என்று பொருள். நலம் விசாரிக்க "கெது". இதை 'டு' போட்டு எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள், தமிழில் வேறு அர்த்தமாகிவிடும். நன்றிக்கு "டாலு", தயவுசெய்து என்பதற்கு "பிகோ". காலையில் எழுந்ததும் கேட்கும் "இ பொலா சி?" என்பதுதான் எனக்கு மிகப் பிடித்தது. உனக்குப் பொழுது விடிந்ததா என்று அர்த்தம். இழுத்துப் பேசும் ராகம் தப்பினால் பொருள் மாறும் மொழி இது. அக்வா என்ற ஒரே சொல் ராகத்துக்குத் தகுந்தபடி அழுகை, துணி, முட்டை, படுக்கை என்று நான்காகும். தப்பாகச் சொன்னாலும் கவலையில்லை. முயற்சி செய்தீர்கள் என்பதே அவர்களுக்குப் போதும்.

பெரியவர்களை நாம்தான் முதலில் வணங்க வேண்டும், ஆனால் கையை முதலில் நீட்டக் கூடாது. அவர் நீட்டினால் பற்றிக்கொள்ளுங்கள். இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம். நமக்கு இது வளர்ப்பிலேயே வந்தது. வீட்டு அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுங்கள். பிள்ளை பெயர் சிடி என்றால் அவர் "மாமா சிடி". ஆமாம், இங்கே மாமா என்றால் அம்மா. என் சின்ன மகளுக்கு இது பழக ஒரு வருஷம் ஆயிற்று.

உட்கார்ந்ததும் வந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் கோலாக்கொட்டை வர வேண்டும். அவர்கள் மொழியில் ஒஜி. அது வரும்வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள், மற்றதில் எது தவறினாலும் மன்னித்துவிடுவார்கள்.

மரத்தட்டில் நாலைந்து கொட்டைகள் வரும். புதிதாக உரித்த சின்ன வெங்காயத்தின் இளஞ்சிவப்பு நிறம். பக்கத்தில் வேர்க்கடலையை மிளகாயோடு அரைத்த விழுது, சில வீடுகளில் பச்சைக் கத்தரிக்காய், அலிகேட்டர் பெப்பர் என்ற காரமான விதை. தட்டு நேராக உங்களிடம் வந்துவிடாது. வீட்டுக்காரர் தன் நெருங்கிய உறவுக்காரரிடம் காட்டுவார். அவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று வந்திருக்கிற ஆண்களையெல்லாம் உறவு முறைப்படி சுற்றிவிட்டு, மறுபடி வீட்டுக்காரரிடமே போய்ச் சேரும். எந்தக் கிளை முதலில், எந்த ஊர் அடுத்து என்ற வரிசையில் பிசகு வந்தால் சண்டையே வரும். நம் கோயிலில் முதல் மரியாதைக்கு நடக்கிற சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் வந்தால் தொட்டுவிட்டு அனுப்புங்கள். எடுக்காதீர்கள்.

நான் எடுத்தேன். முதல் வருஷம், பசி வேறு. பாக்குத் தட்டு போலத்தானே என்று ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டேன். கூடத்தில் அத்தனை பேரும் அமைதியாகிவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. மூத்தவர் பேரனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் உள்ளே போய் வேறு கொட்டைகள் கொண்டுவந்தான். அவர் முதலிலிருந்து தொடங்கினார். என் பக்கத்திலிருந்த பாட்டி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கடைசிவரை விடவில்லை. ஆசீர்வாதம் ஆகாத ஒஜியைத் தின்னக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சுற்றி வந்த பிறகு கூட்டத்தில் வயதில் மூத்த ஆண் கையில் எடுத்து வேண்டிக்கொள்வார். இக்போவில்தான். ஒஜிக்கு ஆங்கிலம் காதில் ஏறாது என்பது வழக்கு. லண்டனிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் புரியாமல் உட்கார்ந்திருந்தாலும் மாற்ற மாட்டார்கள். பட்டணத்தில் ஆங்கிலமே பேசி வளர்கிற குழந்தைகளுக்கு இந்த அரைமணி நேரம்தான் தாத்தாவின் முழு மொழியும் காதில் விழுகிற நேரம். வேண்டுதலில் வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு, வியாபாரத்துக்கு, சாலையில் வருகிறவர்களுக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் "இசே!" என்று சேர்ந்து சொல்லும். நீங்களும் சொல்லுங்கள். பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும், மற்றதை அமராதே என்பதன் சிறகு ஒடியட்டும் என்ற வரி அநேகமாக வரும். சில வீடுகளில் முன்னோரையும் அழைத்துவிட்டு, இயேசுவின் பெயரால் என்று முடிப்பார்கள். அங்கே அது யாருக்கும் முரணாகப் படவில்லை.

பிறகு இளையவர் ஒருவர் உடைப்பார். எத்தனை பருப்பாகப் பிரிகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். நான்கு என்றால் நான்கு சந்தை நாளும் நிறைவு. மூன்று வீரர்களுக்கானது. இரண்டே பருப்புள்ள வேறு வகைக் கொட்டை கடைகளில் கிடைக்கும், கோரோ என்பார்கள். மெல்லலாம், ஆனால் இந்தச் சடங்குக்கு ஆகாது. நீங்களே வாங்கிப் போவதானால் "ஒஜி இக்போ" என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் துண்டு வந்ததும் விழுதில் தொட்டு மெல்லுங்கள். நன்றாகக் கசக்கும், துப்பிவிடாதீர்கள். மேலே தண்ணீர் குடித்தால் நெல்லிக்காய் தின்றாற்போல் இனிக்கும். சாயங்காலம் அதிகம் மென்றால் ராத்திரி தூக்கம் வராது.

பெண்கள் ஒஜியை உடைப்பதுமில்லை, வேண்டுவதுமில்லை. என் பெரிய மகள் இதைப் பார்த்துவிட்டு வழியெல்லாம் கேள்வி கேட்டாள். அன்று அந்த வீட்டுக் கூரையும், தரையில் பதித்த டைல்ஸும், ஏன் அந்த ஒஜியும்கூட, லாகோஸில் மருத்துவராக இருக்கும் மகள் சம்பாதித்த காசு. ஒஜியை எடுத்து வேண்டிக்கொண்டவரோ எங்கிருந்தோ வந்த சித்தப்பா. எனக்கும் அது உறுத்தியது, மறைக்க மாட்டேன். ஆனால் விருந்தாளி அங்கே வழக்காடக் கூடாது. அந்தப் பெண்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பேசத் தெரிந்தவர்கள். 1929இல் வரி போடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, ஆயிரக்கணக்கில் திரண்டு ஆங்கிலேய அரசை ஆட்டிவைத்தவர்கள் இந்தப் பக்கத்துப் பெண்கள். இன்றும் ஆகஸ்டில், பல ஊர்களில் வாழ்ந்துகொண்டிருக்கிற மருமகள்களெல்லாம் கிராமத்துக்கு வந்து கூட்டம் போட்டு, சுகாதார நிலையத்துக்கும் சாலைக்கும் பணம் திரட்டுகிறார்கள். அதற்குப் பெயரே ஆகஸ்ட் மீட்டிங். 2014இல் நைஜீரிய உச்ச நீதிமன்றம், மகளுக்கு அப்பா சொத்தில் பங்கில்லை என்ற இக்போ வழக்கம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டதும் ஒரு மகள்தான். தீர்ப்பு வந்ததால் கிராமத்தில் எல்லா மகள்களுக்கும் நிலம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆனால் இன்று ஒரு அப்பா கொடுக்க நினைத்தால், பங்காளிகள் முன்னால் அவர் கையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

பங்காளி என்று எழுதும்போது எனக்குத் தயக்கமே இல்லை. அவர்கள் சொல் உமுன்னா, நேர்ப் பொருள் அப்பாவின் பிள்ளைகள். ஒரே தகப்பன் வழி, அதற்குள் பெண் எடுக்கவோ கொடுக்கவோ கூடாது. நிலம், சாவு, கல்யாணம் எல்லாவற்றிலும் அவர்களுக்குச் சொல் உண்டு. அடிக்கிற மாட்டில் யாருக்கு எந்தப் பாகம் என்பது வரை கணக்கு. பிறந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்கள் உமுவாடா. அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தால் சாவு வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. நாத்தனார் அதிகாரம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் பிறந்த ஊரில் ஒருவனுக்குத் தனிச் செல்லம் உண்டு, அங்கே அவன் தப்புச் செய்தாலும் கை வைக்க மாட்டார்கள். ஒருவர் இதை எனக்குச் சொன்னபோது, "எங்களுக்கும் தாய்மாமன் வீடு அப்படித்தான்" என்றேன். அதன் பிறகு அவர் என்னை "என் தாய் பிள்ளை" என்ற பொருளில் ந்வான்னே என்றுதான் கூப்பிடுகிறார்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீரைக் குழம்பு என்று பெயர் இருக்கும். உள்ளே நார்வேயிலிருந்து வருகிற காய்ந்த மீனும் பொடித்த இறாலும் இருக்கும். அவை இல்லாவிட்டால் அவர்களுக்கு அது குழம்பே இல்லை. ஜாலஃப் சோறும் பெரும்பாலும் கறி வேகவைத்த தண்ணீரில்தான் பொங்குவார்கள். வேகவைத்த சேனை போன்ற யாமைச் செம்பனை எண்ணெயில் தொட்டுச் சாப்பிடலாம். பொரித்த வாழை, உடாரா பழம் உண்டு. எனுகு பக்கமென்றால் ஒக்பா கேளுங்கள். ஒருவகைப் பயற்று மாவை எண்ணெயும் மிளகாயும் சேர்த்து இலையில் கட்டி வேகவைப்பது, சூடாகத் தின்ன வேண்டும். கிழங்கில் களிபோல் கிண்டும் ஃபூஃபூவை வலது கையால் உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவார்கள். நீங்கள் மென்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பனங்கள் வேண்டாமென்றால் மால்ட் கேளுங்கள், போதும்.

வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டு, சொன்னதைக் கேட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பையனைப் பார்ப்பீர்கள். வேலைக்காரப் பையன் என்று நினைத்து, மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. அவன் தொழில் கற்க வந்தவன், "இக்பா-போய்" என்று சொல்லும் முறை. ஐந்தாறு வருஷம், சில இடத்தில் அதற்கும் மேல், முதலாளி வீட்டிலேயே தங்கிக் கடையில் வியாபாரம் பழகுவான். சம்பளம் கிடையாது. முடியும்போது முதலாளி அவனுக்குக் கடை வைக்க முதல் கொடுத்து அனுப்ப வேண்டும், அதற்கு செட்டில் செய்வது என்று பெயர். பிற்காலத்தில் அவனும் நாலு பேரை எடுத்துப் பழக்குவான். இக்போக்கள் பியாஃப்ரா என்று தனி நாடாகப் பிரிந்ததால் மூண்ட உள்நாட்டுப் போர் 1970 ஜனவரியில் முடிந்தபோது, அவர்கள் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் கையில் கிடைத்தது 20 பவுண்டுதான். அதிலிருந்து ஒனிட்சா சந்தையும் ந்நெவியின் உதிரி பாகக் கடைகளும் எழுந்ததற்கு இந்தப் பழைய முறை பெரிய துணை. காலம் முடிகிற நேரத்தில் திருட்டுப் பழி போட்டு வெறுங்கையோடு துரத்தும் முதலாளிகளும் உண்டு. அதனால் இப்போதெல்லாம் எழுத்தில் ஒப்பந்தம் கேட்கிறார்கள், பையன்களும் பள்ளி முடித்த பிறகே வருகிறார்கள். நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்கள் அந்தப் பையனிடம் பெயரும், எந்த வியாபாரம் பழகுகிறான் என்பதும் கேளுங்கள். நிமிர்ந்து நின்று பதில் சொல்வான்.

போரைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர் எல்லோரும் அதில் யாரையாவது பறிகொடுத்தவர்கள், பெரும்பாலும் பசிக்கு. அவர்களே பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேட்கவே கூடாது: எந்த வம்சம், எந்தக் கிளை, அந்த வீட்டோடு ஏன் சம்பந்தம் வைப்பதில்லை. முன்னொரு காலத்தில் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழி வந்தவர்களை ஒசு என்று ஒதுக்கிவைத்தார்கள். 1956இலேயே கிழக்குப் பிராந்தியச் சட்டம் அதை ஒழித்தது. இருந்தும் கல்யாணப் பேச்சு வந்தால் இன்னும் ரகசியமாக விசாரிக்கிறார்கள். படித்த, காதலித்த பிள்ளைகள் இதனால் பிரிந்திருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்த விசாரிப்பின் தொனி தெரியும். அந்தத் தொனியில் ஒரு கேள்விகூட நம் வாயிலிருந்து வரக் கூடாது.

ஒயின் தூக்கும் கல்யாணம் அந்த வாரத்தில் நிச்சயம் ஒன்றாவது இருக்கும். மணப்பெண் கையில் கள் கோப்பையோடு கூட்டத்துக்குள் மாப்பிள்ளையைத் தேடி வருவாள், மற்ற ஆண்கள் இங்கே வா, இங்கே வா என்று கூப்பிடுவார்கள். அவரைக் கண்டுபிடித்து மண்டியிட்டுக் கொடுப்பாள். ஆடுகிறவர்கள் மேல் நோட்டு வீசுவதைப் பார்த்து நீங்களும் வீச வேண்டாம். 2007ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டப்படி அது குற்றம், சிறைக்கும் போயிருக்கிறார்கள். நைராவைக் கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். முகமூடி ஆட்டம் வந்தால் பெண்கள் ஒதுங்கி நிற்க வேண்டும், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

கிளம்பும்போது வீட்டுக்காரர் உடைக்காத ஒஜி ஒன்றை உங்கள் கையில் வைப்பார். வேண்டாமென்று சொல்லாதீர்கள், வலது கையால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒஜி வீடு போய்ச் சேர்ந்தால் தன்னைக் கொடுத்தவர் யாரென்று அதுவே சொல்லும் என்பார்கள். ஈர இலையில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், வழியில் காய்ந்துவிடும். அந்த முதல் வருஷம் என் கணவர் ஷிஃப்ட் இருந்ததால் வரவில்லை. நான் தப்புச் செய்த அதே வீட்டின் மூத்தவர் அவருக்கென்று ஒரு கொட்டை கொடுத்தனுப்பினார். ராத்திரி வீட்டில் இலையைப் பிரித்து அவர் கையில் வைத்து, கொடுத்தவர் பெயரைச் சொன்னேன். அவர் உடைத்தார், நான்கு பருப்பு. உடனே போன் போட்டு, நல்லபடியாக வந்து சேர்ந்தோம், நான்காகப் பிரிந்தது என்று சொன்னோம். அந்தப் பக்கம் பெரியவர் வீடே கேட்கும்படி "இசே!" என்றார்.